பிலாத்துக்கு நாற்காலி உண்டு

செஞ்சி
19.1.2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. இங்க அம்மா, நைனா, நான் மூணு பேரும் இருக்குறோம். நீ எப்டி இருக்குற? ஏற்காட்டுக் குளிர் தாங்குதா? இந்த லெட்டர உங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சிப் படிக்கிற சிஸ்டரம்மாவுக்கும் வணக்கம். உங்க ஒடம்பு நல்லா இருக்குதா சிஸ்டர்?

போன் தர மாட்டாங்க, பயிற்சி முடியற வரிக்கும் லெட்டர்தான்னா இன்னா மடம்க்கா அது? பாலிடெக்னிக்க விட்டன்னிக்கி நான் கடைசியா பேனா புடிச்சது. எழுத்து கோணலா இருந்தா சிரிக்காத.

சங்கதி இதான். கிருமி திரும்ப வந்துடுச்சி. அதே கல்லீரல் கிருமி, ஹெபடைட்டிஸ் சி. ரத்ததான முகாம்ல கண்டுபுடிச்சி மூணு மாசம் மாத்திர குடுத்தாங்களே, ஒரு மாசத்துல நல்லாத்தான இருக்குறோம்னு விட்டுட்டு தண்ணி கேன் தூக்கப் போயிட்டேன். உனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். விட்டதுக்கு இப்ப ஆறு மாசம்.

பெரிய மாத்திர தெனம் ஒண்ணு. அதான் கிருமிய கொல்றது. அதுக்குத் தொணையா கேப்ஸ்யூல், காலையிலயும் ராத்திரியும். அந்த கேப்ஸ்யூலு கிருமியோட சேத்து நம்ம ரத்தத்தையும் ஒடைக்குமாம். "ரத்தம் கொறையும், மூச்சு வாங்கும். வாங்கினா ஒடனே சொல்லணும். மாசாமாசம் வந்து ரத்தம் குடுக்கணும். இதையும் பாதியில விட்டா அடுத்து இன்னா குடுக்கறதுன்னு நாங்க யோசிக்கணும் தம்பி"ன்னு விழுப்புரத்துல டாக்டரம்மா சொன்னாங்க. பொங்கல் முடிஞ்ச வெள்ளிக்கிழம ஆரம்பிச்சாச்சி.

அம்மா சிரிக்குது. "பாலிடெக்னிக்க விட்ட, லைசென்ஸ விட்ட, ஜிம்ம விட்ட, கீபோர்டு கிளாஸ விட்ட. நீ முழுசா முடிச்சது எல்.கே.ஜி. ஒண்ணுதான்டா"ன்னுது.

இத முடிப்பேன்க்கா. அவ்ளோதான்.

உன் தம்பி
சாலமன்


ஏற்காடு
2.2.2025

அன்புள்ள சாலமனுக்கு,

இயேசுவின் பெயரால் வாழ்த்துகள். நான் நலம். குளிர் பழகிவிட்டது, காலை ஐந்து மணி மணியோசைதான் இன்னும் பழகவில்லை. உன் கடிதத்தைப் படித்த சகோதரி எமரென்சியா இரவு உணவின்போது என் பக்கம் திரும்பி, "எனக்கு மூட்டுவலி, மற்றபடி நலம் என்று உன் தம்பிக்கு எழுது" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மேசையில் இருந்த மற்றவர்கள் பயந்துவிட்டார்கள்.

முடிப்பேன் என்று எனக்குச் சத்தியம் செய்யாதே. நீ பத்து தடவை செய்திருக்கிறாய். டாக்டர் என்ன சொன்னார், நீ என்ன செய்தாய், அதை மட்டும் எழுது. ரத்தம் பார்த்தார்களா? எவ்வளவு இருக்கிறது? இன்னமும் இரண்டு இரண்டு கேனாகத் தூக்கி மாடி ஏறுகிறாயா?

ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதி இல்லை. வருகிற கடிதங்களும் அலமாரியில் இருக்கும், ஈஸ்டர் அன்றுதான் கையில் தருவார்கள். இது இந்த வீட்டின் தவக்கால ஒழுங்கு. அதற்கு முன்னால் எழுது.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நைனாவிடம் பீடியை விடச் சொல். விடுவதில் நம் வீட்டில் நீதான் கெட்டிக்காரன், சொல்லிக் கொடு.

அன்புடன்
விமலா


செஞ்சி
20.2.2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. அம்மா முழங்காலு பரவால்ல. நைனா பீடிய விடல. சிஸ்டரம்மாவோட மூட்டுக்கு அம்மா நொச்சித் தழ ஒத்தடம் குடுக்கச் சொல்லுது.

ரத்தம் பாத்தாங்க. பதினாலு இருந்தது பதினொண்ணர ஆயிடுச்சி. எதிர்பாத்ததுதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அம்மா கேக்குமா? பீட்ரூட்டு, முருங்கக்கீர, பேரீச்சம்பழம், அப்புறம் மெடிக்கல்ல ஒரு இரும்பு டானிக். "இது இரும்பு கொறஞ்சி வர்ற சோகை இல்லம்மா, மாத்திர ரத்தத்த ஒடைக்கறதால வருது, டானிக் குடுக்காதீங்க"ன்னு அவங்க சொன்னதுக்கு, "டாக்டருக்குப் புள்ள இருக்குதா?"ன்னு வெளிய வந்து என்ன கேக்குது. டானிக்க நான் முருங்க மரத்துக்கு ஊத்தறேன்.

பெரிய நியூசு. பெரிய வெள்ளிக்கு நம்ம கோயில் மைதானத்துல போடற பாஸ்கா நாடகத்துல இந்த வருசம் யேசு நான்தான்! போன வருசம் யேசுவா இருந்தவன் ஓசூர் கம்பெனிக்குப் போயிட்டான். நாடகம் கத்துக்குடுக்கற கிறிஸ்டோபர் மாமா என்னப் பாத்து, "தாடி இருக்குது, மூஞ்சியில சோகம் இருக்குது, வேலவெட்டி ஜாஸ்தி இல்ல, நீதான்டா"ன்னுட்டாரு. பக்கத்து ஊர்ல தெர்மாகோல்ல சிலுவ தூக்கறாங்களாம். நம்ம மாமா உசுரே போனாலும் மரச் சிலுவதான்றார். பழைய கோயில் உத்தரத்துல செஞ்சது, தூக்கினா தோள் எறங்குது.

அம்மா இத வேற மாதாகிட்ட நேந்துகிச்சி. எம்புள்ள சிலுவ தூக்கறான், நீ அவன் நோவ எடுத்துடுன்னு.

கேன் இப்ப ஒவ்வொண்ணாத்தான் தூக்கறேன். ரெண்டா தூக்கினா கேன் ஒடையுதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு.

சாலமன்


ஏற்காடு
1.3.2025

சாலமா,

நலமா என்று கேட்டே இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. அம்மாவின் முழங்கால் இருக்கிறது, முருங்கை மரம் இருக்கிறது, கிறிஸ்டோபர் மாமா இருக்கிறார். நீ இல்லை.

உங்கள் முதலாளி கேன் உடைவதைப் பற்றி என்றைக்குக் கவலைப்பட்டார்? இரண்டு மூன்றாகத் தூக்கு என்று விரட்டுகிற ஆள் அல்லவா அவர்?

சாம்பல் புதனுக்குள் உன் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் எழுது. அலமாரியில் இருக்கட்டும், ஈஸ்டர் அன்று படிக்கிறேன். சகோதரி எமரென்சியாவுக்கு நொச்சி ஒத்தடம் பலன் தந்ததாம், அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். நீயும் உனக்காக ஏதாவது செய்.

விமலா


செஞ்சி
16.3.2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. நீ இத ஈஸ்டருக்குத்தான் படிப்ப. அதனால நெசத்த எழுதறேன். நீ படிக்கறப்ப பாஸ்கா முடிஞ்சிருக்கும், நானும் பாதி மாத்திரைய தாண்டியிருப்பேன். சண்ட போட உனக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.

மூச்சு வாங்குதுக்கா. காந்தி பஜார்ல ஒரு மாடி வூடு இருக்குது, கேன் போடற வூடு. பாதிப் படியில நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, காதுக்குள்ள மிக்ஸி ஓடற மாதிரி சத்தம். மூச்ச இழுக்கறேன், உள்ள போயி சேர மாட்டேங்குது. கேன படியில வச்சிட்டு போன எடுத்துப் பாக்கற மாதிரி நிக்கறேன். போன ஆன் பண்றதுகூட இல்ல. வண்டி ஓட்டற வீரமணி கீழ இருந்து, "யார்ரா அவ? எங்களுக்கும் காட்டு"ன்றான்.

சமாளிக்கறேன். மாடி வூட்ட எல்லாம் வெய்யில் ஏறுறதுக்குள்ள போட்டுடறேன். உக்காந்து குளிக்கறேன். ரெண்டு தலவாணி வச்சி படுக்கறேன். ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா கண்ணு இருட்டுதுன்னு செருப்புக்கு மாறிட்டேன். ஒரு வேளகூட மாத்திர தவறல.

ஒத்திகையில நேத்து ஒரு கூத்து. மொத தடவ விழற எடம் வர்றதுக்கு முன்னாடியே கால் மடங்கிப் போயி விழுந்துட்டேன், சிலுவ மேல. அடிக்கிற சேவகனே பயந்து சாட்டைய போட்டுட்டான். கிறிஸ்டோபர் மாமா கண்ணத் தொடச்சிக்கினு, "அடேய் சாலமா, இன்னா விழுகைடா! இத்தினி வருசத்துல இப்டி ஒருத்தன் விழுந்து நான் பாக்கலடா!"ன்னாரு. எல்லாரும் கை தட்டனாங்க. நான் எழுந்திருக்க முடியாம கெடந்தேன். அதுக்கும் தட்டனாங்க.

டாக்டரம்மாகிட்ட சொல்லல. மூச்சு வாங்குதான்னு கேட்டாங்க, இல்லன்னுட்டேன். சொன்னா மாத்திரய நிறுத்திடுவாங்க. நிறுத்தினா ஊர்ல இன்னா பேசுவாங்க? மறுபடியும் பாதியில விட்டான் பாருன்னுதான. இந்த தடவ நான் விடல. அவங்களும் விட வைக்கக் கூடாது.

ஒடம்பப் பாத்துக்கோ.

சாலமன்


செஞ்சி
30.3.2025

அக்கா,

மரியே வாழ்க. சின்ன லெட்டர்தான். ரொம்ப நேரம் உக்காந்தா தல சுத்துது.

வெள்ளிக்கிழம ரத்தம் குடுக்கற நாளு. போனேன். மாத்திரைய மட்டும் வாங்கினேன், ரத்தத்துக்கு அடுத்த வாரம் வரேன்னு பொய் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

நேத்து அதே மாடிப் படியில விழுந்துட்டேன். கேன் உருண்டு கீழ போயி ஒடஞ்சி தெரு பூரா தண்ணி. வீரமணி ஓடியாந்து தூக்கி, மொகத்துல அடிச்சி, "டேய், ஒதடு வெள்ளையா இருக்குதுடா, பேயாட்டம். இன்னாடா உனுக்கு?"ன்னான். வெய்யிலுன்னேன். "மணி ஏழரதான்டா ஆவுது"ன்னான். வூட்ல சொன்னா நாடகம் முடிஞ்சதும் சிலுவையில நெசமாவே அடிப்பேன்னு அவன மெரட்டி வச்சிருக்கேன். இப்ப கேன அவன் தூக்கறான், நான் வண்டியில உக்காந்துக்கினு வரேன்.

பாஸ்காவுக்கு மூணு வாரம்கூட இல்ல. அது வரிக்கும் இழுத்துடுவேன். மாத்திர எல்லாம் கரெக்டா போவுது.

சிஸ்டரம்மா, நீங்க இத படிப்பீங்கன்னு தெரியும். படிச்சிட்டு அலமாரியில வச்சிடுங்க.

சாலமன்


ஏற்காடு
3.4.2025

திரு. சாலமனுக்கு,

ஆண்டவர் உம்மோடு இருப்பாராக. என் மூட்டுவலி குறைந்திருக்கிறது.

உம்முடைய இரண்டு கடிதங்களையும் ஒழுங்குப்படி ஈஸ்டர் அன்றுதான் உம் சகோதரியிடம் தர வேண்டும். இன்று காலை திருப்பலி முடிந்ததும் தந்துவிட்டேன். பதில் எழுதவும் அனுமதித்தேன். அவர் எழுதியது இத்துடன் இருக்கிறது. அதை நான் படிக்கவில்லை.

சகோ. எமரென்சியா


3.4.2025

டேய் சாலமா,

இன்றைக்கு வாழ்த்தெல்லாம் இல்லை. கையில் கிடைத்தால் அறைவேன்.

மாத்திரையை விடாமல் பிடித்திருக்கிறாய், சரி. அந்த மாத்திரையைக் கொடுத்தவரை விட்டுவிட்டாயே? மூச்சு வாங்கினால் சொல் என்றார், சொல்லவில்லை. ரத்தம் கொடு என்றார், பஸ் ஏறி ஓடிவந்தாய். போன தடவை ஒரு மாதத்தில் ஓடினாய், இந்தத் தடவை இரண்டரை மாதத்தில். இதற்கும் பெயர் பாதியில் விடுவதுதான். வேறு மாதிரி விட்டிருக்கிறாய்.

நிறுத்திவிடுவார்கள் என்று உனக்கு யார் சொன்னது? நீயே டாக்டர், நீயே நோயாளி, நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். எனக்கு மருத்துவம் தெரியாது. தெரிந்தவர் விழுப்புரத்தில் இருக்கிறார். அவரிடம் கேள். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைக்கே வீரமணியைக் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போகாதே.

சிலுவையை இறக்கி வை. அம்மாவின் நேர்ச்சையைப் பற்றிக் கவலைப்படாதே, அது அம்மாவுக்கும் மாதாவுக்கும் உள்ள பேச்சு. உன்னிடம் கேட்டா நேர்ந்துகொண்டார்?

வீட்டுக்குப் போய்வர அனுமதி கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை. நான் வந்து நின்றால் எழுந்து உட்கார்ந்து எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆடிக் காட்டுவாய். உன் நடிப்பை மைதானத்தில் பார்த்துக் கை தட்டியவர்கள் போதும்.

நான் இங்கே ஜெப நேரத்தில் உன் உதடு வெள்ளையாக இருப்பதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போ.

விமலா


செஞ்சி
12.4.2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. உசுரோட இருக்குறேன். நீ அறஞ்சிட்டன்னு வச்சிக்கோ, டாக்டரம்மா உனக்கும் சேத்து குடுத்துட்டாங்க.

உன் லெட்டர் திங்கக்கிழம வந்துச்சி. வீரமணிகிட்ட படிச்சிக் காட்டினேன். "உங்கக்கா கன்னியாஸ்திரியா, போலீஸா?"ன்னு கேட்டுட்டு வண்டிய எடுத்துட்டான். ரத்தம் ஏழே முக்கால்தான் இருந்துச்சி. அன்னிக்கே படுக்க வச்சிட்டாங்க. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தனாங்க. யாரோ குடுத்த ரத்தம்க்கா. அது எறங்க எறங்க காதுல ஓடன மிக்ஸி நின்னுச்சி. மறுநா காலையில பாத்ரூம் வரிக்கும் நடந்து போயி திரும்பி வந்தேன், நடுவுல நிக்கல. கட்டில்ல உக்காந்து அழுதுட்டேன். பக்கத்து பெட்டு பெரியவரு இன்னாமோ ஏதோன்னு நர்ஸக் கூப்ட்டுட்டாரு.

டாக்டரம்மா கேட்டாங்க, "ஏன்டா மறச்ச?" நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன்னேன். அவங்க மாத்திர சீட்ட எடுத்து என் முன்னாடி வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "பெரிய மாத்திரதான் கிருமிய கொல்றது. அத நான் நிறுத்தவே போறதில்ல. கேப்ஸ்யூல மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி, பாதி அளவுல திரும்ப ஆரம்பிப்பேன். இதுக்குத்தான் மாசாமாசம் ரத்தம் பாக்கறது. முன்னாடியே சொல்லியிருந்தா போன மாசமே கொறச்சிருப்பேன், இந்தக் கட்டிலுக்கே வந்திருக்க மாட்ட."

அவ்ளோதானாம்க்கா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமாம்.

வூட்டுக்கு வந்ததும் மைதானத்துக்குப் போயி யேசு வேஷம் வேணாம்னு சொன்னேன். படிப்ப விடறதுக்கு, லைசென்ஸ விடறதுக்கு எல்லாம் ஒரு நிமிசம்தான் யோசிச்சேன். இதுக்கு மைதானத்த மூணு சுத்து சுத்தினேன். பசங்க ஆரம்பிச்சிட்டானுங்க: "யேசுவே ரிசைன் பண்ணிட்டாருடோய்!" "உயிர்ப்புக்காவது வருவாரா?" ரத்தம் ஏத்தன கையக் காட்டி, அன்னிக்கி விழுந்தது நடிப்பு இல்ல மாமான்னு சொன்னேன். கிறிஸ்டோபர் மாமா மூஞ்சி செத்துப் போச்சி. "நான் கை தட்டனேனேடா"ன்னு மூணு தடவ சொன்னாரு. அப்புறம் என்னவே பாத்துக்கினு இருந்துட்டு, "பிலாத்து பண்றியா? பிலாத்துக்கு நாற்காலி உண்டு"ன்னாரு.

உக்காந்த எடத்துல யேசுவுக்குத் தீர்ப்பு. ஒத்துக்கிட்டேன்.

சாலமன்


செஞ்சி
21.4.2025

அக்காவுக்கும் சிஸ்டரம்மாவுக்கும்,

ஈஸ்டர் வாழ்த்து. அல்லேலூயா. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.

பாஸ்கா முடிஞ்சது. இந்த வருச யேசு மாமா பையன், ஜிம் பாடி, மூணு தடவ விழறதுக்குள்ள நாலு தடவ முடிய ஒதுக்கறான். நான் அட்ட கிரீடம் வச்சிக்கினு நாற்காலியில உக்காந்து தீர்ப்பு சொன்னேன். அப்ப பாத்து எனக்கு நடிப்பே வரலக்கா. எதிர்ல கை கட்டி நிக்கறான் அவன், நான் கேள்வி மேல கேள்வி கேக்கறேன், வாயே தொறக்கல. ஒருத்தன் தன்ன பத்தி ஒண்ணுமே சொல்லாம நின்னா எதிர்ல இருக்குறவனுக்கு எவ்ளோ கோவம் வரும்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சது. டாக்டரம்மா மூஞ்சி ஞாபகம் வந்துச்சி.

நேர்ச்சைய பத்தி எழுதினியே. அம்மா ரெண்டு நாளு எங்கிட்ட பேசல. பெரிய வெள்ளி காலையில சிலுவப்பாத கெளம்பறப்ப, சேலய இழுத்து சொருவிக்கினு நேரா போயி சிலுவைக்கு அடியில தோள குடுத்துச்சி. "நேந்தது நான்தான, நானே தூக்கறேன். நவுருங்கடா"ன்னுது. முழங்காலு நோவுது, விடல. பதினாலு ஸ்தலத்துல மூணு ஸ்தலம் தூக்கிச்சி. பின்னாடி மரத்த நைனா புடிச்சிக்கினு போனாரு. பீடி இல்லாம.

என்ன ஒரு சேர்ல உக்காத்தி வச்சிட்டாங்க. எழுந்திருக்கணும்னு கை பரபரன்னு இருந்துச்சி. எழுந்திருக்கல. இதுவரிக்கும் நான் செஞ்சதுலயே கஷ்டமான வேல அதான்.

ரத்தம் ஒம்போதே கால். கேப்ஸ்யூலு பாதி அளவுல நாளைக்கி ஆரம்பிக்கறேன்.

சாலமன்


ஏற்காடு
4.5.2025

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னைக் காப்பாராக. இங்கே எல்லோரும் நலம். அம்மா சிலுவை தூக்கிய பகுதியைச் சகோதரி எமரென்சியா சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று சத்தமாக வாசித்தார்.

நீ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாய் என்ற வரியை மட்டும் நான் தனியாக வைத்துக்கொண்டேன்.

மறுபடி மூச்சு வாங்கினால் முதலில் டாக்டரிடம் சொல். இரண்டாவதாக எனக்கு எழுது. இந்த வரிசை மாறக் கூடாது.

விமலா


செஞ்சி
6.7.2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. இங்க எல்லாரும் சொகம். நீயும் அப்டித்தான் இருப்பன்னு நம்பறேன். சிஸ்டரம்மாவுக்கு வணக்கம்.

நீ சொன்ன வரிசையிலதான் சொல்றேன். மே மாசம் திரும்ப மூச்சு வாங்குச்சி. அன்னிக்கே டாக்டரம்மாகிட்ட போனேன். பாத்துட்டு, ரத்தம் பத்து இருக்குது, அளவ மாத்த வேணாம், வெய்யில்ல வேலைக்குப் போவாதன்னாங்க. மொதலாளிகிட்ட நேரா கேட்டேன், எனக்கு ரத்தம் கம்மி, ஜூலை வரிக்கும் வண்டியில உக்காந்து சில்லற வாங்கற வேலதான் செய்வேன், முடியுமா முடியாதான்னு. திட்டிட்டு ஒத்துக்கிட்டாரு. திட்டு பழகிடுச்சி, மூச்சுதான் முக்கியம்.

வியாழக்கிழம ராத்திரி கடைசி மாத்திர. அம்மா தண்ணி மொண்டு குடுத்துச்சி. நைனா எதிர்ல நின்னாரு. வீரமணி வேற வந்து ஒக்காந்துட்டான், நான் முழுங்கறத அவன் நம்ப மாட்டானாம். முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டினேன். வீரமணி எட்டிப் பாத்துட்டு தலைய ஆட்டினான். அம்மாதான், "அவ்ளோதானா?"ன்னு கேட்டுச்சி.

மறுநா காலையில எழுந்ததும் கை தானா மாத்திர வைக்கிற மாடத்துக்குப் போச்சி. மாடம் காலி. ஒரு வேலய முடிச்சா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதுக்கா, நெசமா. நெஞ்சு நெறஞ்சிடும், அழுவ வரும்னு நெனச்சேன். ஒண்ணும் வரல. அந்த எடத்துல கொஞ்ச நேரம் கைய வச்சிக்கினு சும்மா நின்னேன். அப்புறம் பயங்கரமா பசிச்சுது. பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே பழைய சோத்த எடுத்துக்கினு உக்காந்துட்டேன்.

கிருமி போச்சான்னு இப்பவே சொல்ல மாட்டாங்க. மூணு மாசம் கழிச்சி, அக்டோபர்ல ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். போனாலும் போயிருக்கும், இருந்தாலும் இருக்கும். எதுவா இருந்தாலும் நானே போயி ரத்தம் குடுத்து, நானே உக்காந்திருந்து, நானே ரிசல்ட்ட வாங்குவேன். பஸ் ஏறி ஓட மாட்டேன்.

சாலமன்